பாசத்தில் பதினெட்டு சதவீதம்

நாய்க்குச் சோறு வைத்து, நடக்கக் கூட்டிப்போய், அது எந்தக் கம்பத்தில் காலைத் தூக்கலாம் என்று யோசித்து முடிக்கும்வரை வெயிலில் நின்று சம்பாதிக்கிற துட்டிலும் ஒருத்தன் கைவைப்பான் என்றால் அவனை என்ன சொல்லித் திட்டுவது? எங்கள் வியாசர்பாடியில் அதற்கு நல்ல சொல் இருக்கிறது. இங்கே எழுத முடியாது. ‘வாலாட்டி’ செயலிக்காரர்கள் அதற்குத் தளக் கட்டணம் என்று பேர் வைத்திருந்தார்கள்.

என் பேர் மோனிஷா. வெளியூர் போகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் வீட்டு நாய் பூனைகளை அவர்கள் திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்வது என் வேலை. எனக்கு ஒரே பெண், மகிழினி, மூன்றாம் வகுப்பு. அவள் அப்பன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டான். அவனைப் பற்றி இவ்வளவு போதும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று பெருங்குடி அலுவலகத்தில் நிஷாந்த் என்கிற பையன்தான் எனக்குக் கட்டணத்தை விளக்கினான். பையன் என்றால் இருபத்தைந்து வயது இருக்கும். கெட்டவன் இல்லை. அதை இப்போதும் சொல்கிறேன். கெட்டவனாக இருந்திருந்தால் நான் உஷாராகியிருப்பேன்.

“ரெண்டு திட்டம் இருக்குக்கா,” என்றான். “ஒண்ணு காசுத் திட்டம். கஸ்டமர் ஆயிரம் ரூபா குடுத்தா அதுல தளக் கட்டணம், இன்சூரன்ஸ், வரி, உங்க பேர மேல காட்டறதுக்கு ஒரு சார்ஜ்...”

“தம்பி, நீ கழிக்கறத அப்புறம் சொல்லு. கைக்கு எவ்ளோ வரும்?”

“அறுநூறு. சில நாள் அதுக்கும் கொஞ்சம் கீழ.”

“பகல் கொள்ளை. இன்னொண்ணு?”

“பாசத் திட்டம். ஒரு பைசா எடுக்க மாட்டோம். ஆயிரமும் உங்களுக்கே.”

“சோழியன் குடுமி சும்மா ஆடாதே. எனக்கே எல்லாத்தையும் குடுத்துட்டு நீங்க இன்னா காத்த குடிச்சு வாழ்வீங்களா?”

அவன் சிரித்துக்கொண்டே மேசையிலிருந்து ஒரு பட்டையை எடுத்தான். கைக்கடிகாரத்துப் பட்டை மாதிரி, கடிகாரம் மட்டும் இல்லை.

“நாயோட இருக்கும்போது அது மேல உங்களுக்கு ஒரு பிரியம் வரும்ல, நெஞ்சுல ஒரு இளக்கம்? அப்ப உடம்புக்குள்ள ஒரு அலை ஓடும்க்கா. இந்தப் பட்டை அத படிக்கும். நூத்துல பதினெட்டு பங்க அங்கயே தணிச்சிட்டு, அதோட பதிவ மட்டும் எங்களுக்கு அனுப்பிடும். நாங்க அத நாயோட ஓனருக்குக் குடுப்போம். அவங்க ராத்திரி இதே மாதிரி ஒரு பட்டைய கட்டிட்டுத் தூங்குவாங்க. காலைல எழுந்தா அந்த நாய் மேல அவங்களுக்குப் பாசம் கூடியிருக்கும்.”

“சொந்த நாய் மேல பாசம் வர்றதுக்குத் துட்டு கட்டுவாங்களா?”

“நீங்க வேறக்கா. ஆசையா வாங்கிட்டு ஆறு மாசத்துல சலிச்சுப்போன வீடு எத்தன தெரியுமா? செத்தவங்க விட்டுட்டுப் போன நாய், பிரிஞ்சவங்க விட்டுட்டுப் போன பூனை... தெருவுல விடவும் மனசு வராது, வளக்கவும் மனசு வராது. பாவம், அவங்களுக்குத்தான் இந்தத் திட்டம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாசம்தானே? காசா பணமா? இன்றைக்கு எடுத்தால் நாளைக்கு ஊறிவிட்டுப் போகிறது. ஆனாலும் ஏமாளி என்று நினைத்துவிடப் போகிறானே என்று ஒரு கேள்வி கேட்டேன்.

“வேலை நேரத்துல மட்டும்தானே எடுப்பீங்க? வீட்டுக்கு வந்தும் புடுங்க மாட்டீங்களே?”

“சத்தியமா இல்லக்கா. நீங்க ‘முடிந்தது’ன்னு தட்டின நிமிஷமே பட்டை தூங்கிடும்.”

அவன் சொன்னது உண்மை. இன்றுவரை அதில் ஒரு பொய்யும் இல்லை. ஓசியில் கொடுத்தால் பினாயிலையும் குடிப்பான் என்பார்களே, அப்படி நானே கையை நீட்டினேன். அவன் கட்டிவிட்டான்.

எனக்கு நிரந்தரமாக அமைந்த வீடு கொளத்தூரில் உமா மகேஸ்வரி மேடத்தின் வீடு. மூன்றாம் மாடி. மேடம் மாலைக் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவர். ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய தம்பி திடீரென்று மாரடைப்பில் போய்விட, தம்பி வளர்த்த சிப்பிப்பாறை நாய் இவர் தலையில் வந்து விழுந்தது. நாயின் பேர் குமார். தம்பி வைத்த பேராம். கொக்கு மாதிரி காலை வைத்துக்கொண்டு அந்தச் சின்ன வரவேற்பறையில் அது நடக்கும்போது, கல்யாண வீட்டில் உட்கார இடம் கிடைக்காத சம்பந்தி மாதிரி இருக்கும்.

“எனக்கு இதுமேல வெறுப்பெல்லாம் இல்ல மோனிஷா,” என்று முதல் நாளே சொல்லிவிட்டார் மேடம். “ஆனா ஒரு பிரம்பு நாற்காலியப் பாக்கற மாதிரிதான் பாக்க முடியுது. அது என்னையே பாத்துட்டு நிக்குது. பாவமா இருக்கு. அதான் அந்தப் பாசத் திட்டத்துல சேந்தேன்.”

நாலு மணிக்கு நான் உள்ளே போவேன். அதற்குள் மேடம் கிளம்பியிருப்பார். ஏழுக்கு நான் கதவைப் பூட்டிவிட்டு வந்துவிடுவேன். அவர் வர எட்டாகும். அதனால் நாங்கள் ஒருவரையொருவர் பார்ப்பதே அபூர்வம்.

அதே நாலு மணிக்குத்தான் மகி பள்ளியிலிருந்து எங்கள் ஒற்றை அறைக்குத் தனியாக வருவாள். வந்ததும் வீடியோவில் கூப்பிடுவாள். நான் போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்துவிடுவேன். குமாருக்குச் சோறு பிசைந்துகொண்டே, முடி வாரிவிட்டுக்கொண்டே, அந்தச் சின்னத் திரையில்தான் என் பிள்ளையை வளர்த்தேன். கதவைத் தாழ்ப்பாள் போட்டியாடீ எருமை? கை கழுவினியா? பென்சிலக் கடிக்காத, நாளைக்கு வயித்துல மரம் மொளைக்கும். ஏழாம் வாய்ப்பாடு சொல்லு. ஏழெட்டு ஐம்பத்தாறுடி சனியனே, ஐம்பத்தி நாலு உங்கப்பன் வீட்டுக் கணக்கு! அவள் சிரிப்பாள். குமார் என் பாதத்தின்மேல் தலையை வைத்துத் தூங்கும். ஏழு மணிவரை இதுதான். நாய் பார்க்கிற வேலையில் இருக்கிற தாய்மார் எல்லாருமே இப்படித்தான். வேறு எப்படிச் செய்ய முடியும்? நாய்க்கு ஆள் வைக்க அவர்களிடம் பணம் இருக்கிறது. பிள்ளைக்கு ஆள் வைக்க எங்களிடம் இல்லை.

முதல் மாதம் பணம் முழுசாக வந்தது. மகிக்கு நல்ல ஷூ வாங்கினேன். மின்விசிறியை மாற்றினேன். அடுத்தடுத்த மாதங்களும் நன்றாகத்தான் போயின. எது முதலில் மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மகிதான் முதலில் கண்டுபிடித்தாள்.

புதுத் தண்ணீர் பாட்டிலைப் பள்ளியில் தொலைத்துவிட்டு வந்து, முதுகைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். அடிக்குத் தயாராக.

“தொலஞ்சுடுச்சும்மா.”

“சரி, பரவால்ல.”

அவள் போகவில்லை. அங்கேயே நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

அதற்கப்புறம் என்னென்னவோ செய்தாள். சுவரில் பேனாவால் கிறுக்கினாள். தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை வேண்டுமென்றே, என் கண் முன்னாலேயே கவிழ்த்தாள். நான் பழைய துணியை எடுத்துத் துடைத்தேன்.

“ஏம்மா நீ திட்டவே மாட்டேங்கற?”

“நீதான் நல்ல பொண்ணாச்சே.”

“நான் எண்ணெயக் கொட்டிட்டேம்மா!”

“அதான் தொடச்சிட்டேன்ல.”

அவள் தேம்பித் தேம்பி அழுதாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கு ஒழுகுகிறது, துடைக்க வேண்டும் என்று தோன்றியது. துடைத்தேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை. வயதாகிறது, பொறுமை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

அதே சமயத்தில் உமா மேடத்தின் வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

ஒருநாள் ஃபிரிட்ஜின் மேல் சிவப்புத் தலைக் கிளிப்புகள் ஒரு அட்டை இருந்தது. சின்னப் பெண்கள் குத்துகிற கிளிப். யாராவது உறவுக்காரக் குழந்தைக்கு வாங்கியிருப்பார் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் அலமாரியில் யானை படம் போட்ட சின்னத் தட்டு. பிறகு குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு குட்டி முக்காலி, உயரம் எட்டாதவர்கள் ஏறி நின்று முகம் பார்ப்பதற்கு. பென்சில் டப்பா. ரிப்பன். ஒவ்வொன்றும் அடுத்தடுத்த நாட்களில் வந்தது. எதையும் யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. ஆள் இல்லாத வீட்டில் ஒரு குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகக் குடியேறிக்கொண்டிருந்தது.

ஒருநாள் கதவைத் திறந்தால் வாசலுக்கு உள்பக்கம் ஒரு ஜோடி சின்னச் செருப்பு. வீட்டுக்குள் பார்த்தபடி. குமார் போய் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, ஒரு வாசனையும் இல்லை என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தது. எடுத்துப் பார்த்தேன். அடியில் தூசுகூட இல்லை. மகியின் அளவு. அதை வைத்துவிட்டு எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டுதான் அன்றைக்கு வேலை பார்த்தேன்.

கேட்டுவிடலாம் என்று போனை எடுப்பேன். என்னவென்று கேட்பது? மேடம், உங்க வீட்ல பேய் வளருதான்னா?

அந்த ஐப்பசியில் மகிக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் நெற்றியைத் தொட்டேன், சுட்டது. மாத்திரை கொடுத்தேன், கஞ்சியை மூடி வைத்தேன், தண்ணீர் வைத்தேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். மத்தியானம் அவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, “போவாதம்மா,” என்றாள். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, “தூங்கு, சரியாயிடும்,” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஜன்னலோர சீட் கிடைத்தது. நிம்மதியாக உட்கார்ந்து வந்தேன்.

அன்று கல்லூரி விடுமுறை போல. மேடம் வீட்டிலேயே இருந்தார். நான் குமாரின் சங்கிலியை எடுத்தேன். அவர் என் கையையும், மேசையையும், தண்ணீர் ஜாடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மோனிஷா, உனக்குக் குழந்தை இருக்கா?”

“ஒரு பொண்ணு மேடம். மூணாவது படிக்கறா.”

“இப்ப எங்க இருக்கா?”

“வீட்லதான். ஜுரம். படுத்திருக்கா.”

“யார் கூட?”

“யாரும் இல்ல. தனியாத்தான். கஞ்சி வெச்சிட்டு வந்திருக்கேன்.”

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. செருப்புகூடப் போடவில்லை. வெறுங்காலோடு மாடிப்படியில் இறங்கி ஓடினார். நான் நாய்ச் சங்கிலியைக் கையில் பிடித்தபடி பின்னால் போனேன். குமாரும் வந்தது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் என் மணிக்கட்டை வலிக்கிற அளவுக்குப் பிடித்துக்கொண்டார்.

“அவளுக்கு இடது காதுக்குக் கீழ ஒரு மச்சம் இருக்கா?”

“உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?”

“தெரியாது. அதான் சொல்றேன், எனக்கு எதுவும் தெரியாது! முகம் முழுசா வராது. காது, அந்த மச்சம், பென்சிலக் கடிக்கிற முன்பல்லு. எப்பவும் கையளவுக்குத்தான் தெரிவா. கொஞ்சம் சாஞ்ச மாதிரி. எட்டித் தொடப் போனா கண்ணாடி மாதிரி ஏதோ தடுக்கும்.” அவர் என் மணிக்கட்டை விடவேயில்லை. “எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னு நினைச்சேன். குமார் மேல பாசம் வந்துச்சு, நல்லாத்தான் வந்துச்சு. கூடவே இவளும் வந்துட்டா. கடையில கிளிப்பப் பாத்தா கை தானா எடுக்குது. ராத்திரி சாப்பிட உக்காந்தா இன்னும் ஒரு ஆள் சாப்பிடலியேன்னு தொண்டைல எறங்க மாட்டேங்குது. பெத்தவ மாதிரி தவிக்கறேன், யாருக்காகன்னே தெரியாம.”

தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்த போன் எனக்கு ஞாபகம் வந்தது. கையளவுத் திரை.

வீட்டில் மகி தரையில் சுருண்டு கிடந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. மேடம் அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டு, தன் துப்பட்டாவை நனைத்து நெற்றியில் வைத்து, “ஒண்ணும் இல்லடா, ஒண்ணும் இல்லடா கண்ணு,” என்று ஆடிக்கொண்டே சொன்னார். பிறகு என்னைப் பார்த்துக் கத்தினார்.

“நீயெல்லாம் ஒரு அம்மாவா? மரக்கட்டை மாதிரி நிக்கற!”

நான் மரக்கட்டை மாதிரிதான் நின்றேன். அந்த அம்மாள் முகத்தில் இருந்ததை நான் அடையாளம் கண்டுகொண்டேன். எங்கோ வைத்துவிட்டுத் தேடக்கூட மறந்துபோன பொருளை அடுத்த வீட்டு அலமாரியில் பார்த்த மாதிரி இருந்தது. அது என்னுடையது. அப்போது எனக்குப் பயம் வந்தது. பிள்ளைக்காக வரவில்லை, எனக்காக வந்தது.

வைரஸ் காய்ச்சல்தான். நாலைந்து நாளில் எழுந்துவிட்டாள். எழுந்ததும் மூன்று பேருமாகப் பெருங்குடிக்குப் போனோம். நிஷாந்த் மகிக்கு ஒரு மாம்பழ ஜூஸ் வாங்கிக் கொடுத்து நாற்காலியில் உட்காரவைத்தான்.

“என்னடா செஞ்ச என்னை?” என்று சட்டையைப் பிடித்தேன். கோபம் மட்டும் எனக்குக் குறையவே இல்லை. அதற்கு அவர்கள் கட்டணம் வைக்கவில்லை. “நாய்ப் பாசம்னு சொல்லிட்டு என் பொண்ணு மேல இருந்தத எடுத்துருக்க!”

அவன் திரையில் எதையோ பார்த்தான். முகம் வெளுத்துப்போனது.

“அக்கா... நாய்ப் பாசம், பிள்ளைப் பாசம்னு பட்டைக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாதுக்கா. வேலை நேரத்துல மனசுல என்ன எழும்புதோ அதுல பதினெட்டு. நீங்க அந்நேரம் பாப்பாகிட்ட பேசுவீங்கன்னு நாங்க...”

“பதினெட்டுதானே? மிச்சம் எண்பத்திரண்டு எங்கடா போச்சு?”

“தினமும் பதினெட்டுக்கா. நேத்து மிச்சம் இருந்ததுல இன்னைக்குப் பதினெட்டு, இன்னைக்கு மிச்சத்துல நாளைக்குப் பதினெட்டு. நாய் மேல வர்றது அன்னன்னைக்குப் புதுசா ஊறும். குறைஞ்சாலும் தெரியாது. பிள்ளை மேல இருக்கறது அப்படி இல்ல போல. பொறந்ததுலேர்ந்து சேத்து வெச்சது.”

“திருப்பிக் குடு.”

“வாங்கின கட்டணத்தத் திருப்பிக் குடுக்கற வழக்கம் இங்க இல்லக்கா. எங்ககிட்ட இருந்தாத்தானே குடுக்கறது? மேடத்துக்குப் போயிடுச்சு.” அவன் தலையைச் சொறிந்தான். “ஒரு வழி இருக்கு. மேடம் வேலைக்காரங்களா பதிஞ்சுக்கட்டும். நீங்க ஓனர். அவங்க பாப்பாவோட இருக்கும்போது பட்டை கட்டிக்குவாங்க. அதுல வர்றது உங்களுக்கு வரும்.”

“அதச் செய்ங்க,” என்றார் மேடம் உடனே.

“ஆனா குழந்தைங்கள பதியற வசதி எங்ககிட்ட இல்ல. நாய், பூனை, முயல், கிளி. அவ்வளவுதான் இருக்கு.” அவன் யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டான். “கிளின்னு போட்டுடவா?”

மகி உறிஞ்சுகுழலில் காற்று வரும்வரை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

“போடுங்க,” என்றார் மேடம். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. “எல்லாத்தையும் எடுத்து அவகிட்டயே குடுத்துடுங்க. எனக்கு இதுல ஒரு துளி பாத்தியதை இல்ல. எனக்கு வலிக்கும், பரவால்ல. இந்தக் குழந்தைக்கு அம்மா வேணும்.”

நிஷாந்த் என் பக்கம் திரும்பினான். “ஓனர் சம்மதிக்கணும்க்கா. உங்களுக்கு வேணுமா?”

வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளே தேடிப் பார்த்தேன். வேண்டும் என்ற எண்ணமே அங்கே இல்லை. தண்ணீர் வேண்டும் என்றால் தாகம் இருக்க வேண்டும் அல்லவா? பிள்ளைமேல் பாசம் வேண்டும் என்று தவிப்பதற்கே கொஞ்சம் பாசம் கையில் இருக்க வேண்டும். அந்தக் கொஞ்சத்திலும் பதினெட்டு பதினெட்டாகப் போயிருந்தது. அழுகிற அந்த அம்மாளைப் பார்த்துப் பொறாமைகூட வரவில்லை. சொல்லப்போனால், இப்படியே இருப்பது லேசாக இருந்தது.

மகி காலி டப்பாவைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேணும்,” என்றேன். பொய்தான். இருந்தாலும் சொன்னேன்.

நான் காசுத் திட்டத்துக்கு மாறி, வேறு வீட்டு நாய்களைப் பார்க்கப் போனேன். ஆயிரத்தில் அறுநூறு. பட்டையைப் பகலில் கட்டுவதில்லை, ராத்திரி மட்டும். உமா மேடம் காலை வகுப்புக்கு மாற்றிக்கொண்டு, தினமும் நாலு மணிக்கு குமாரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஏழுக்கு நான் உள்ளே நுழைவேன், அவர் ‘முடிந்தது’ என்று தட்டிவிட்டுக் கிளம்புவார். செயலியில் எங்கள் வீட்டுப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் கிளி உட்கார்ந்திருந்தது. அதற்கும் தளக் கட்டணம் உண்டு. அதை நான் பணமாகவே கட்டினேன்.

முதல் சில நாள் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு காலையில் கண் விழித்தேன். பக்கத்தில் மகி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். என் நெஞ்சில் சுருக்கென்று ஒன்று தைத்தது. வந்துவிட்டது! ஐயோ, வந்துவிட்டதடி என் கண்ணே என்று அவளை அள்ளப் போனேன்.

கை பாதியிலேயே நின்றது. தூக்கத்தைக் கலைத்தால் ஏதாவது சொல்வாளோ என்று இருந்தது. தொடலாமா என்று இருந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

அது நாளுக்கு நாள் கூடியது. கூடக் கூட நான் ஒரு மாதிரியாக ஆனேன். அவள் குளிக்கும்போது கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்பேன். “தலை வாரி விடட்டுமா?” என்று கேட்பேன். வேண்டாம் என்றால் சீப்பைக் கீழே வைத்துவிடுவேன். வேலையிலிருந்து வரும்போது வெறுங்கையோடு வர மனசு வராது, ஒரு முறுக்காவது வாங்கி வருவேன். அவள் தின்கிறாளா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். அவள் என்னைப் பார்த்து ஒரு தரம் சிரித்தால் அன்றைக்கெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். உயிரே போகிற மாதிரி அவள்மேல் ஆசையாக இருந்தது. அவ்வளவு ஆசையும் வாசலுக்கு வெளியே நின்றது.

ஒரு மாலை அதை மேடத்திடம் சொன்னேன். அவர் பையில் தன் கண்ணாடியை வைத்துக்கொண்டிருந்தார்.

“வேற எப்படி இருக்கும் மோனிஷா?” என்றார். “உங்கிட்ட இருந்து வந்தது உன்னோடதுதான். ஆனா எங்கிட்ட தங்கினதுல என்னோடதா மாறிடுச்சு. நான் அவ மேல எப்படிப் பாசம் வெச்சேன்? எந்த நிமிஷமும் யாராவது வந்து இது உன் பிள்ளை இல்லன்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்து பயந்துதானே வெச்சேன். அதான் உனக்கு வருது.”

“இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு மேடம்?”

அவர் மகியைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“லேசா இருக்கு,” என்றார். “ரொம்ப லேசா இருக்கு.” பிரம்பு நாற்காலியைப் பார்க்கிற பார்வை அது. குமாரின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அவர் படியிறங்கிப் போனார்.

நான் உள்ளே வந்து சோறு போட்டேன். தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி, கதவோரமாக உட்கார்ந்துகொண்டேன். அங்கே உட்கார்ந்தால்தான் எனக்கு இருப்புக் கொள்கிறது. மகி ரசத்தைப் பிசைந்து நாலு வாய் சாப்பிட்டாள். அப்புறம், வந்தவர்களிடம் பேசுகிற மரியாதையோடு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“உமா ஆன்ட்டி ஏழு மணிக்குக் கெளம்பிடறாங்க. நீ எத்தன மணிக்குமா கெளம்புவ?”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.